கல்லாவில் இருப்பவருக்கே பயிற்சி வேண்டும்

சிறுதொழில் சங்கங்களின் கூட்டங்களிலும் வணிகர் மாநாடுகளிலும் ஒரு யோசனை இப்போது மறுபேச்சின்றி ஏற்கப்படுகிறது: ஊழியர்கள் மன அழுத்தத்தில் இருக்கிறார்கள், அதைச் சமாளிக்க அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். இந்த யோசனை தவறு என்பதே என் வாதம். நல்லெண்ணத்தில் பிறந்த தவறுதான். ஆனால் அதனால் ஏற்படும் கெடுதலுக்கு அந்த நல்லெண்ணம் ஈடாகாது.

அந்தத் தரப்பை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை என்றால் அழுத்தம் இருக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஒரு கடையோ பட்டறையோ சந்தையை மாற்ற முடியாது. வாடிக்கையாளரின் அவசரம், ஏற்றுமதியாளர் வைக்கும் கெடு, பண்டிகைக் கூட்டம் எதையும் அது தீர்மானிப்பதில்லை. மனிதவளப் பிரிவு வைக்க அதற்கு வசதியும் இல்லை. ஒரே வேலையை இருவர் செய்கிறார்கள். ஒருவர் உடைந்துபோகிறார், இன்னொருவர் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போகிறார். அப்படியானால் வித்தியாசம் மனத்தில் இருக்கிறது, மனத்தைப் பழக்கலாம். மூச்சுப் பயிற்சி, நேரத்தைத் திட்டமிடுதல், கோபத்தை ஆற்றுதல், கூச்சமில்லாமல் உதவி கேட்டல் ஆகியவற்றை ஒரே நாளில் கற்றுத்தர முடியும், செலவும் குறைவு. மனநலம் பற்றி வாய் திறக்கவே தயங்கும் ஊரில் இப்படி ஒரு பேச்சு நடப்பதே முன்னேற்றம்.

இதில் உண்மைகள் இருக்கின்றன. மூச்சை நிதானப்படுத்தினால் படபடப்பு தணியும். கூச்சம் உடைவது நல்லது. பயிற்சி நடத்துபவர்களில் பலர் மனதார அக்கறை உள்ளவர்கள். ஆனால் இந்த உண்மைகளைக் கோத்து எட்டியிருக்கும் முடிவு நிற்காது. காரணங்களைச் சொல்கிறேன்.

1. அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டார்களா? ஒரு நடுத்தர ஜவுளிக்கடையில் பில் போடும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பதரைக்கு வந்தால் கடை சாத்தும்போது இரவு மணி பத்தைத் தொடும். ஆடித் தள்ளுபடி தொடங்கியதும் வார லீவு நின்றுபோகும்; தீபாவளி கழிந்துதான் திரும்ப வரும். மற்ற மாதங்களிலும் எந்த நாள் லீவு என்பது முந்தைய இரவுதான் தெரியும். கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் அவர் சம்பளத்தில் பிடித்தம். நூறு ரூபாய் கூடினால் அது கடைக்கு. கைப்பேசியைக் காலையிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பள்ளியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவருக்குச் சேதி வர வழியில்லை. வாடிக்கையாளர் எதிரிலேயே சூப்பர்வைசர் ஒருமையில் திட்டுவார். சம்பளம் ஐந்தாம் தேதியா பதினைந்தாம் தேதியா என்பது முதலாளி கையில் அன்றைக்கு எவ்வளவு புரள்கிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் அவருக்கு வாடகை நாள் மாறாது, சுயஉதவிக் குழுத் தவணை நாளும் மாறாது.

இதில் எதை மூச்சுப் பயிற்சி மாற்றும்? லீவு நாளையா, பிடித்தத்தையா, சம்பளத் தேதியையா? ஒவ்வொன்றையும் முடிவு செய்யும் ஆள் ஒருவர் இருக்கிறார். பத்தடி தூரத்தில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பயிற்சிக்கு அழைப்பதில்லை. அவர் பயிற்சிக்குப் பணம் கொடுப்பவர்.

ஆராய்ச்சி உலகம் இதை எப்போதோ கண்டுவிட்டது. அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர் தரவுகளைக் கொண்டு ராபர்ட் காரசெக் 1979இல் வெளியிட்ட ஆய்வு, வேலைச்சுமையை மட்டும் தனியாகப் பார்க்கக் கூடாது என்றது. சுமை அதிகம், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையோ குறைவு. இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் மனிதர்கள் நசுங்குகிறார்கள். பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் மைக்கேல் மார்மட்டும் அவர் குழுவினரும் நடத்திய வொயிட்ஹால் ஆய்வுகள், இதய நோய் பெரிய அதிகாரிகளை அல்ல, கீழ்நிலை ஊழியர்களையே அதிகம் தாக்குகிறது என்று காட்டின. தன் வேலையின் மீது தனக்குப் பிடி இல்லாமல் இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சர்வதேச நோய் வகைப்பாட்டில் வேலைச் சோர்வைப் பற்றி எழுதியபோதும் அதைத் தனிமனித நோயாக வைக்கவில்லை. பணியிடத்தில் நீண்ட நாள் தீராமல் கிடக்கும் அழுத்தத்தால் விளையும் தொழில்சார் நிலை என்றே வைத்தது.

2. உட்கார நாற்காலி கேட்டவர்களுக்கு யாராவது நிற்கப் பயிற்சி கொடுத்தார்களா? தமிழ்நாட்டு ஜவுளி, நகைக் கடைகளில் விற்பனைப் பெண்கள் நாள் முழுக்க நின்றார்கள். கால் வீங்கியது, நரம்பு சுருண்டது, இடுப்பு விட்டுப்போனது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்கார்ந்தால் சோம்பேறி என்று பெயர். பக்கத்துக் கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி தலைமையில் பெண்கூட்டு என்ற அமைப்பாகத் திரண்டார்கள். கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22அ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர் உட்கார இருக்கை வைப்பதைக் கட்டாயமாக்கியது.

அந்தப் பெண்கள் பட்ட பாடு உடலை மட்டும் தொட்டதல்ல. கால் வலியோடு இரவு பத்து மணிக்குப் பேருந்துக்குக் காத்திருந்து, வீட்டுக்குப் போய் சமைத்து, மறுநாள் மறுபடி நிற்கப் போகிறோம் என்ற நினைப்போடு படுப்பது மனத்தின் பாடு. அதற்கு நிவாரணம் ஒரு ஸ்டூல். விலை சில நூறு ரூபாய். அன்றைக்கு இந்தப் பயிற்சிப் பேச்சு செல்வாக்கோடு இருந்திருந்தால் அவர்களுக்குக் கால் வலியை மறக்கும் தியானம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், நாற்காலி வந்திருக்காது. பயிற்சித் தரப்பு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: இன்றைக்கு வார லீவு கேட்பவருக்கும் அன்றைக்கு நாற்காலி கேட்டவருக்கும் என்ன வித்தியாசம்?

3. பலன் இருக்கிறதா என்று பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களின் தரவை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார். தாங்குதிறன் பயிற்சி, மன அழுத்த மேலாண்மை, தியான வகுப்பு, மனநலச் செயலிகள் போன்றவற்றில் பங்கெடுத்தவர்கள், பங்கெடுக்காதவர்களைவிட நலமாக இல்லை. பொதுச்சேவையில் ஈடுபட வாய்ப்புக் கொடுத்த திட்டங்களில் மட்டுமே நல்ல வேறுபாடு தெரிந்தது. இது ஒரே காலத்தில் எடுத்த தரவு, ஆகவே இறுதித் தீர்ப்பு ஆகாது; மனமுழுமைப் பயிற்சிகளால் சிலருக்குச் சிறிது காலம் நிம்மதி கிடைப்பதாகக் காட்டும் ஆய்வுகளும் உண்டு. இருக்கட்டும். பல வாரம் வல்லுநரை வைத்து நடத்தும் பயிற்சிக்கே பலன் இவ்வளவுதான் என்றால், மண்டபத்தில் நூறு பேரை உட்கார வைத்து அரை நாளில் முடிக்கும் வகுப்பிடம் எதை எதிர்பார்க்கிறோம்?

4. "ஒருவர் உடைகிறார், ஒருவர் தாங்குகிறார்" என்ற வாதம்தான் அந்தத் தரப்பின் முதுகெலும்பு. அது பாதி உண்மை. ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் எழுதிய நூலில் அழுத்தம் என்பது மனிதனுக்கும் சூழலுக்கும் இடையிலான உறவு, அவன் அதை எப்படி எடைபோடுகிறான் என்பதும் அதில் அடங்கும் என்றார்கள். பயிற்சியாளர்கள் இதை விரும்பிச் சொல்வார்கள். ஆனால் சமாளிப்பதில் இரண்டு வகை உண்டு என்று அதே இருவர் சொன்னதை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, பிரச்சினையை மாற்றுவது. மற்றொன்று, பிரச்சினை எழுப்பும் உணர்ச்சியை ஆற்றுவது. மாற்றவே முடியாத துயரத்துக்கு இரண்டாவது பொருந்தும். மாற்றக்கூடிய நிலைமைக்கு முதலாவதே வழி. சாவுக்கு ஆறுதல் சொல்லலாம்; சம்பளத் தேதிக்கு ஏன் ஆறுதல்?

தாங்குகிறாரே அந்த இன்னொருவர், அவர் யார் என்றும் பாருங்கள். பெரும்பாலும் வயது குறைந்தவர், அல்லது வீட்டில் வேறொரு சம்பளம் இருப்பவர், அல்லது முதலாளிக்குச் சொந்தம். இல்லையென்றால் தாங்குவதுபோல் காட்டிக்கொள்பவர். மேலும், சில விஷயங்கள் மனப்பான்மைக்குக் கட்டுப்படாதவை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். பன்னிரண்டு மணி நேரம் வீதம் ஆறு நாள் என்றால் 72 மணி. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்களின் கணக்கு இது. கடைகள் சட்டமோ நாளுக்கு 8, வாரத்துக்கு 48 என்கிறது. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் வகுப்பில் கற்றதைக் கேட்டு நடக்காது.

5. "சிறு நிறுவனத்துக்குக் கட்டுபடியாகாது" என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதற்குக் கட்டுபடியாகாது? அடுத்த வாரம் யாருக்கு எந்த நாள் லீவு என்று சனிக்கிழமையே ஒரு தாளில் எழுதி ஒட்ட எவ்வளவு ஆகும்? மாதம் ஏழாம் தேதி சம்பளம் என்றால் ஏழாம் தேதியே கொடுக்க முதலாளிக்கு ஒழுங்குதான் வேண்டும். தொழிற்சாலைகளுக்கு 1936ஆம் ஆண்டுச் சட்டமே அந்தக் கெடுவை வைத்தது. திட்ட வேண்டியதைத் தனியே அழைத்துச் சொல்வதற்குக் காசு செலவில்லை. அவசரத்துக்கு வீட்டிலிருந்து கூப்பிடக் கடையின் எண்ணைக் கொடுத்து, வந்த சேதியை உடனே சொல்வதற்கும் செலவில்லை. கல்லாக் குறைவைப் பிடிப்பதற்கு முன் கணக்கை இருவர் சேர்ந்து பார்ப்பது பத்து நிமிட வேலை.

இதனால் வியாபாரம் கெடுமா? அமெரிக்காவில் கேப் துணிக்கடைகள் 28இல் 2015, 2016 ஆண்டுகளில் ஒரு சோதனை நடந்தது. ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகியோர் நடத்தினார்கள். வேலை நேரத்தை முன்கூட்டியே நிலையாக வகுத்துக் கொடுத்த கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியது. உற்பத்தித்திறன் 5 சதவீதம் கூடியது. அது பெரிய நிறுவனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஓர் அட்டவணையை மாற்றத் தலைமையகம் வரை போக வேண்டும். நம் கடையில் முதலாளி இன்று இரவு நினைத்தால் நாளைக் காலை மாறும். சிறியதாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில் பெரிய வசதி. அதைக் குறைபாடாகச் சொல்லித் தப்புகிறோம்.

6. "சீசன் நம் கையில் இல்லை." தீபாவளி என்றைக்கு என்று ஒரு வருடத்துக்கு முன்பே அச்சாகிவிடுகிறது. அந்த நாட்காட்டியையே அச்சடிக்கும் சிவகாசிக்கு ஆண்டுக் கடைசி நெருக்கடி ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வந்து விழுவதில்லை. தெரிந்த நெருக்கடிக்குத் தற்காலிகமாக இரண்டு பேரைக் கூடுதலாக எடுப்பதா, இருக்கிற ஆட்களின் லீவைப் பறிப்பதா என்பது சந்தை எடுக்கும் முடிவல்ல.

சரி, மேலே இருந்து வரும் நெருக்கடி? அது உண்மையானது, அதை நான் சிறிதாக்க மாட்டேன். ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் பட்டறைக்காரர் சரக்கைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பணத்துக்கு அலைகிறார். வங்கித் தவணை, மின்கட்டணம், ஆட்கூலி எல்லாம் கழுத்தை நெரிக்கின்றன. தூக்கம் போகிறது, சர்க்கரை ஏறுகிறது. அவருடைய மன அழுத்தத்துக்கு அவருடைய சங்கம் என்ன கேட்டது? தியான வகுப்பு கேட்கவில்லை. சட்டம் கேட்டது, பெற்றது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. அது போதவில்லை என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவை 2023இல் சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் தராதவர் அந்தச் செலவை அந்த ஆண்டு கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது.

முற்றிலும் நியாயமான கோரிக்கை. தன் அழுத்தத்துக்குக் காரணம் வெளியே இருக்கிறது, அதைக் கட்டுப்படுத்த வேண்டும், தன் மனப்பான்மையில் குறை சொல்லக் கூடாது என்று முதலாளி சரியாகவே புரிந்துவைத்திருக்கிறார். தனக்கு 45 நாள் கெடு கேட்டவர் தன் ஊழியருக்கு ஏழாம் தேதிக் கெடுவை ஏற்க வேண்டாமா? ஒரே நோய்க்கு மேலே ஒரு மருந்து, கீழே வேறு மருந்து என்றால் அந்த வாதத்தில் நேர்மை இல்லை.

7. பயிற்சியால் நன்மை இல்லாவிட்டாலும் தீமை என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தீமை இருக்கிறது. பயிற்சி பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வைக்கப்படுகிறது; இருந்த ஒரு நாள் ஓய்வும் அதில் போகிறது. பயிற்சிக்குப் பிறகும் ஒருவர் களைத்துப்போனால், "அவ்வளவு சொல்லிக் கொடுத்தும் உனக்கு வரவில்லையே" என்று பழி அவர் மேலேயே விழுகிறது. அதற்கு முன்பு அவர் வெறும் களைத்தவர். இப்போது தோற்றவர். பெரிய நிறுவனத்திலாவது புகார் சொல்ல வேறொரு மாடி இருக்கும். பன்னிரண்டு பேர் கடையில் "உங்கள் அழுத்தத்துக்குக் காரணம் என்ன" என்று கேட்கும் தாளை நிரப்பினால் அது மாலைக்குள் முதலாளி மேசைக்குப் போகும். ஆகவே எல்லோரும் "குடும்பப் பிரச்சினை" என்று எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு, கடையில் ஒன்றுமில்லை என்று முதலாளி நம்புகிறார்.

இன்னொரு தீமை இதைவிட ஆபத்தானது. உண்மையிலேயே நோயுற்றவர், பல வாரமாகத் தூங்காதவர், வாழ்வதில் பொருளில்லை என்று சொல்லத் தொடங்கியவர், அந்த மண்டபத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போகிறார். அவருக்கு வேண்டியது மருத்துவர். மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசி உதவி 2022 முதல் 14416 என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்து, மருத்துவமனைக்குப் போக அரை நாள் சம்பளத்தோடு லீவு தருவது, எந்தப் பேச்சாளர் பேசுவதையும்விட ஓர் உயிருக்கு நெருக்கமான உதவி.

பயிற்சியே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். ஆளை மாற்றிக் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் பணியிட மனநலம் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில், மேலாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று முதன்முறையாகப் பரிந்துரைத்தது. அழுத்தம் உண்டாகும் சூழலைத் தடுக்கவும், துன்பத்தில் இருக்கும் ஊழியரிடம் முறையாக நடந்துகொள்ளவும் அவர்கள் கற்க வேண்டும் என்றது. பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் 2004 முதல் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: வேலைச்சுமை, வேலையின் மீது பிடி, கிடைக்கும் ஆதரவு, உறவுகள், யாருக்கு என்ன பொறுப்பு என்ற தெளிவு, மாற்றங்களைச் சொல்லும் விதம். ஆறில் ஒன்றுகூட ஊழியர் தனியாக மாற்றக்கூடியது அல்ல. ஆறும் முதலாளியும் சூப்பர்வைசரும் மாற்றக்கூடியவை. சூப்பர்வைசர்களுக்கு இது இன்னும் அவசியம். நன்றாக விற்றார் என்பதற்காக மேலே ஏற்றப்பட்டவர் அவர். ஆட்களை எப்படி நடத்துவது என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. தன்னை முன்பு எப்படி நடத்தினார்களோ அப்படியே மற்றவர்களை நடத்துகிறார்.

சிறுதொழில், வணிகர் சங்கத்தினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் ஊழியர்களுக்கான மன அழுத்தப் பயிற்சிக்கு ஒதுக்கிய தொகையை உறுப்பினர்களான முதலாளிகளின் பயிற்சிக்கு மாற்றுங்கள். வந்து அமர்பவர்களிடம் வருகைப் பதிவையும் சம்பளப் பதிவையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கடந்த ஆறு மாதத்தில் யாருக்கு எத்தனை வார லீவு பறிபோனது, சம்பளம் எத்தனை முறை தள்ளிப்போனது என்று அவர்களே எண்ணட்டும். எண்ணி முடித்த பிறகு பேச்சாளரை அழைக்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.